மறைந்திருக்கும் பெரிய கை: பெட் வைப்பதா, பதுங்குவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போக்கரில் பெரிய கை கிடைப்பது அபூர்வம். கிடைத்ததும் அதை வீணாக்குவது மட்டும் தினமும் நடக்கிறது. இங்கே இருக்கும் பதில்கள் பெரும்பாலும் நோ லிமிட் ஹோல்டெம் ஆட்டத்தை (ஆளுக்கு இரண்டு மூடிய சீட்டு, மேஜையில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து திறந்த சீட்டு, பெட்டுக்கு, அதாவது பந்தயத்துக்கு, உச்சவரம்பு இல்லை) வைத்துச் சொல்லப்பட்டவை, ஸ்டட், ஒமாஹா இரண்டையும் கடைசிப் பக்கம் தொட்டிருக்கிறேன். கணக்குகள் எல்லாம் சிப்ஸில்தான்.

மறைந்த கை என்று எதைச் சொல்கிறீர்கள்?

மேஜையில் திறந்து கிடக்கும் சீட்டுகளைப் பார்த்து எதிராளி ஊகிக்க முடியாத பெரிய கையை. நல்ல உதாரணம் செட், அதாவது கையில் ஒரு ஜோடி, அதே எண் மூன்றாவதாக மேஜையில். உங்கள் கையில் 7-7, ஃப்ளாப் (முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) ராஜா-7-2. எல்லார் கண்ணும் ராஜா மேலேதான் இருக்கும், அந்த 7ஐ யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இதையே கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்: கையில் ஏஸ்-7, ஃப்ளாப் ராஜா-7-7. இதுவும் மூன்று 7தான், ஆனால் இதற்குப் பெயர் ட்ரிப்ஸ். ஜோடி வெளியில் படுத்திருப்பதால், நீங்கள் ஒரு பெட் வைத்ததுமே "7 வைத்திருக்கிறாரோ" என்று மேஜை முழுக்க யோசிக்க ஆரம்பித்துவிடும். இரண்டையும் ஒரே மாதிரி ஆடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு வித்தியாசமே போதும்.

கையிலுள்ள இரண்டு சீட்டும் சேர்ந்து அடிக்கும் ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு), கையில் ஜோடி இருந்து ஃப்ளாப்பிலேயே விழும் ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, கூடவே ஒரு ஜோடி), இவையும் இந்த வகைதான்.

செட் எத்தனை தடவைக்கு ஒருமுறை விழும்?

கையில் ஜோடி வருவதே 17 கைக்கு ஒன்று. அப்படி வந்தால், ஃப்ளாப்பில் செட்டோ அதைவிடப் பெரிதோ விழ 11.8 சதவீத வாய்ப்பு, அதாவது எட்டரை தடவைக்கு ஒருமுறை. மீதி ஏழரை தடவையும் கட்டிய சிப்ஸ் போனது போனதுதான். அந்தச் செலவை எல்லாம் செட் விழுகிற அந்த ஒரு தடவையில் மீட்க வேண்டும். அதனால்தான் சின்ன ஜோடியோடு ஒரு ரெய்ஸைக் (ஏற்றிய பெட்டை) கால் செய்யும் (அதே அளவு போடும்) முன்னால் எதிராளி ஸ்டாக்கைப் (முன்னால் வைத்திருக்கும் சிப்ஸை) பார்க்கச் சொல்கிறார்கள்: நீங்கள் போடும் தொகையைப் போல 10 மடங்காவது, முடிந்தால் 15 மடங்கு, அவரிடமும் உங்களிடமும் இருக்க வேண்டும். 20 சிப்ஸ் போட்டு உள்ளே வந்து, செட்டும் அடித்து, கடைசியில் 60 சிப்ஸை வாரிக்கொண்டு போனால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இவ்வளவு பெரிய கை இருக்கும்போது ஏன் அவசரப்பட்டு பெட் வைக்க வேண்டும்? செக் செய்து (பெட் வைக்காமல் விட்டு) பதுங்கினால் எதிராளி ஏமாந்து உள்ளே வருவாரே?

இந்தப் பக்கம் முழுக்க இந்தக் கேள்விக்காக எழுதியது என்றே வைத்துக்கொள்ளலாம்.

கை ஏற்கெனவே மறைந்துதான் இருக்கிறது. அதை இன்னொரு தடவை மறைக்க வேண்டியதில்லை. ராஜா-7-2 ஃப்ளாப்பில் நீங்கள் பெட் வைத்தால் எதிராளி என்ன நினைப்பார்? ராஜா இருக்கலாம், சும்மா மிரட்டலாம், 8-8 மாதிரி ஏதாவது வைத்துக்கொண்டு தள்ளிப் பார்க்கலாம். 7-7 அவர் பட்டியலில் கடைசியில் வரும். அந்தச் சந்தேகத்தோடுதான் கால் செய்வார். பெட் வைத்தால் கை தெரிந்துவிடும் என்ற பயம் ட்ரிப்ஸுக்குப் பொருந்தும், செட்டுக்குப் பொருந்தாது.

அடுத்தது கணக்கு. நடுவில் 100 சிப்ஸ், இருவரிடமும் தலா 1300. ஃப்ளாப், டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு), ரிவர் (ஐந்தாவது, கடைசி) மூன்றிலும் பாட் அளவுக்கு, அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் தொகை அளவுக்கு, பெட் வைக்கிறீர்கள், அவரும் கால் செய்கிறார். ஃப்ளாப்பில் 100 பெட், நடுவில் 300 ஆகிறது. டர்னில் 300, நடுவில் 900. ரிவரில் 900. ஆக 100 + 300 + 900 = 1300, அவர் ஸ்டாக் முழுவதும் உள்ளே வந்தாகிவிட்டது. இப்போது ஃப்ளாப்பில் மட்டும் பதுங்குகிறீர்கள் என்று வையுங்கள். டர்னில் 100, ரிவரில் 300, மொத்தம் 400. நீங்கள் விட்டது ஃப்ளாப்பின் 100 மட்டும் என்று தோன்றும். ஆனால் கைக்கு வராமல் போனது 900. ஃப்ளாப்பில் போடாத ஒவ்வொரு சிப்பும் ரிவரில் ஒன்பது மடங்காகக் குறைகிறது, ஏனென்றால் ஒவ்வொரு சுற்றின் பெட்டும் அதற்கு முந்தைய சுற்றின் முதுகில் ஏறித்தான் பெரிதாகிறது.

"சரி, டர்னிலும் ரிவரிலும் பெரிதாக வைத்து ஈடுகட்டிவிடுவேன்" என்று சொல்லலாம். இரண்டே சுற்றில் அந்த 1300ஐ உள்ளே கொண்டுவர ஒவ்வொரு முறையும் பாட் போல இரண்டு மடங்குக்கு மேல் வைக்க வேண்டும். ஃப்ளாப்பில் பூனை மாதிரி இருந்தவர் திடீரென்று அப்படி வைத்தால் எதிராளி நிமிர்ந்து உட்கார்வார்.

நான் பெட் வைத்தாலே எல்லாரும் ஃபோல்ட் செய்கிறார்கள், சீட்டைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். அதனால்தான் செக் செய்கிறேன்.

இந்தக் குறை எனக்கும் உண்டு, உண்மையாகவே வயிறு எரியும். ஆனால் அப்படி ஓடியவர்களிடம் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஏஸ்-5, ஜாக்கி-10 மாதிரி ஒன்றும் படாத கைகள். அவர்கள் செக்கைப் பார்த்து உள்ளே தங்கினாலும் கடைசியில் ஒரு சின்ன பெட்டுக்கு மேல் தந்திருக்க மாட்டார்கள். பெரிய தொகை தருகிறவர் எப்போதும் கையில் ஏதாவது பட்டவர்தான்: மேல் ஜோடி, இரண்டு ஜோடி, நல்ல டிரா (இன்னும் ஒரு சீட்டு வந்தால் பெரிதாகும் கை). அவர் ஃப்ளாப்பிலேயே கால் செய்வார். ஒன்றுமில்லாதவரிடம் 50 சிப்ஸ் தேற்றுவதற்காக, ஏதோ இருப்பவரிடம் வரவேண்டிய 900ஐ விடுவது என்ன கணக்கு?

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் பெட் வைத்தாலே எல்லாரும் ஓடுகிறார்கள் என்றால் நீங்கள் பெரிய கைக்கு மட்டும்தான் பெட் வைக்கிறீர்கள் என்று மேஜைக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மருந்து செட்டைச் செக் செய்வதில் இல்லை. ஒன்றுமில்லாத கையோடும் சில தடவை அதே மாதிரி பெட் வைக்க ஆரம்பியுங்கள்.

அப்படியானால் பதுங்கவே கூடாதா?

பதுங்கலாம். புலி பதுங்குவது பாய்வதற்கு, ஆனால் பாய ஏதாவது எதிரில் நடமாட வேண்டும். நான் எனக்குள் கேட்டுக்கொள்வது மூன்று. ஓசியில் ஒரு சீட்டைக் காட்டினால் அது என்னைத் தோற்கடிக்குமா? அதே சீட்டு எதிராளிக்கு இரண்டாவது சிறந்த கையைக் கொடுக்குமா? இப்போது பெட் வைத்தால் அவரிடம் கால் செய்ய ஏதாவது இருக்குமா? முதலாவதுக்கு இல்லை, இரண்டாவதுக்கு ஆமாம், மூன்றாவதுக்கு அனேகமாக இல்லை என்று வந்தால்தான் செக்.

கையில் 10-10, ஃப்ளாப் 10-10-4. நான்கு பத்தும் உங்களிடம். அவரிடம் கால் செய்யக்கூடிய பத்து இருக்கவே முடியாது, ஏஸோ ராணியோ வந்து ஒரு ஜோடி சேரட்டும் என்று காத்திருப்பதுதான் புத்தி. ஆனால் அதே ஃப்ளாப்பில் உங்கள் கையில் 4-4 என்றால் கதை வேறு. உங்களுக்கு ஃபுல் ஹவுஸ், மிச்சமிருக்கும் இரண்டு பத்துகளில் ஒன்று யார் கையிலாவது இருந்தால் அவர் எந்த பெட்டுக்கும் ஓட மாட்டார், அவரிடம் மூன்று சுற்றும் வசூலிக்கலாம். இங்கே செக் செய்வது தேடிவந்த லட்சுமியைத் திண்ணையில் உட்காரவைப்பது மாதிரி. தவிர அவர் ஏஸ்-10 வைத்திருந்தால் ஒரு ஏஸோ கடைசிப் பத்தோ வந்து உங்களை முந்தவும் வாய்ப்பு இருக்கிறது.

மேல் செட்டுக்கும் நடு செட்டுக்கும் ஆட்டம் மாறுமா?

மாறும், இதைப் பலர் கவனிப்பதில்லை. ஃப்ளாப் ஏஸ்-7-2, மூன்றும் வெவ்வேறு சின்னம். உங்கள் கையில் 7-7 என்றால் வெளியே இன்னும் மூன்று ஏஸ் இருக்கிறது. எதிராளியிடம் ஏஸ்-ராஜா அமைய 12 வழி. உங்கள் கையில் ஏஸ்-ஏஸ் என்றால் மிச்சம் ஒரே ஒரு ஏஸ். ஏஸ்-ராஜாவுக்கு 4 வழிதான். அதாவது மேல் செட் வைத்திருக்கும்போது உங்களுக்குக் காசு தரவேண்டிய சீட்டுகளை நீங்களே கையில் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். காய்ந்த ஃப்ளாப் (டிராவுக்கு இடமில்லாதது), எதிரில் ஒரே ஆள், கையில் மேல் செட்: இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு செக் செய்வதை நான் தப்பு சொல்ல மாட்டேன். நடு செட்டுக்கும் கீழ் செட்டுக்கும் அந்தச் சலுகை கிடையாது. காசு கொடுப்பவர் வெளியே நிறைய இருக்கிறார், போய் வாங்குங்கள்.

டிராவுக்கு இடம் கொடுக்கும் ஃப்ளாப் என்றால்?

அங்கே யோசிக்கவே வேண்டாம், பெட்தான். நான் ஒருமுறை செய்த கூத்தைச் சொல்கிறேன். கையில் 6-6. ஃப்ளாப் ஜாக்கி-9-6, அதில் இரண்டு ஆட்டின். நாங்கள் நான்கு பேர், நடுவில் 240 சிப்ஸ். நான்தான் முதலில். யாராவது பெட் வைப்பார்கள், ரெய்ஸ் அடிக்கலாம் என்று செக் செய்தேன். ஒவ்வொருவராக மேஜையைத் தட்டிக்கொண்டே போனார்கள், நான்கு செக். டர்னில் ஆட்டின் 10. ஒருத்தர் 200 வைத்தார், அதற்குப் பக்கத்திலிருந்தவர் 600 ஆக்கினார். அப்போதே மனசு சொல்லிவிட்டது, ஆனால் செட்டைத் தூக்கிப் போட யாருக்குக் கை வரும்? ரிவரில் 2. கடைசியில் ஒருவர் திருப்பிக் காட்டியது ராஜா-ராணி, ஸ்ட்ரெய்ட். ஃப்ளாப்பில் அவரிடம் ஒரு ஜோடிகூட இல்லை, அவருக்கு வேண்டியது நான்கு பத்துகளில் ஒன்று. ஃப்ளாப்பிலேயே நான் 160, 180 வைத்திருந்தால் வாய் பேசாமல் போட்டுவிட்டுப் போயிருப்பார். அவருக்கு அந்தப் பத்தை ஓசியில் காட்டியது நான்.

இதில் கணக்கும் உண்டு. ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) டிராவுக்கு 9 அவுட்ஸ் (கையை முடித்துத் தரும் சீட்டுகள்), அடுத்த சீட்டிலேயே அடிக்க 19 சதவீதம், ரிவர் வரை விட்டால் 35. இரு பக்கமும் திறந்த ஸ்ட்ரெய்ட் டிராவுக்கு 8 அவுட்ஸ், 17 சதவீதம், ரிவர் வரை 31க்கு மேல். நீங்கள் பாதி பாட் வைத்தாலே எதிராளிக்கு 25 சதவீத வாய்ப்பாவது இருந்தால்தான் அந்தச் சுற்றின் கால் கட்டுப்படியாகும். பாட் முழுக்க வைத்தால் 33. எப்படிப் பார்த்தாலும் அவர் விலைக்கு மேல் கொடுத்து வாங்குகிறார். செக் செய்தால் விலையே இல்லை. டிராக்காரர் ஓட வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள், அவர் கால் செய்யட்டும், பத்தில் எட்டு தடவை அந்தச் சிப்ஸ் உங்களுடையது.

எவ்வளவு பெட் வைப்பது?

ரிவரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எதிராளியிடம் எவ்வளவு இருக்கிறது, மூன்று சுற்றில் அதைச் சிரமமில்லாமல் உள்ளே கொண்டுவர என்ன அளவு வேண்டும்? நடுவில் 100, ஸ்டாக் 350 என்றால் பாதி பாட் போதும்: 50, 100, 200, கணக்கு சரியாக முடிகிறது. ஸ்டாக் 1300 என்றால் முழு பாட். இரண்டுக்கும் நடுவில் என்றால் முக்கால். ஸ்டாக் 80தான் இருக்கிறது என்றால் பெரிய தத்துவம் ஒன்றும் வேண்டாம், எப்படியும் உள்ளே வந்துவிடும், அங்கே ஒரு செக் செய்தால்கூடப் பெரிய நஷ்டம் இல்லை. ஸ்டாக் எவ்வளவு ஆழமோ அவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும். மக்கள் தலைகீழாகச் செய்கிறார்கள், சிப்ஸ் மலைபோல இருக்கும்போதுதான் "மெல்ல ஆடலாம்" என்று ஆறப்போடுகிறார்கள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி.

பெட் அளவு மட்டும் கைக்குக் கை மாறக் கூடாது. செட்டுக்கு 40, ப்ளஃபுக்கு (ஒன்றுமில்லாத கையோடு மிரட்டுவதற்கு) 90 என்று வைக்கிறவரை இரண்டு மணி நேரத்தில் படித்துவிடலாம்.

நான் முதலில் ஆட வேண்டிய இடத்தில் இருந்தால்?

ஃப்ளாப்புக்கு முன் ரெய்ஸ் செய்தது நீங்களே என்றால் வழக்கம்போல பெட் வையுங்கள், யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். ரெய்ஸ் செய்தது எதிராளி, நீங்கள் பிளைண்டிலிருந்து (சீட்டு வரும் முன்பே கட்டாயமாகச் சிப்ஸ் கட்டும் இடத்திலிருந்து) கால் செய்தீர்கள் என்றால் செக் இயல்பானது, ஏனென்றால் இங்கே எல்லாரும் எல்லாக் கையோடும் செக்தான் செய்வார்கள். அவர் பெட் வைத்ததும் ரெய்ஸ். இதைப் பதுங்கல் என்று சொல்ல மாட்டேன், அதே சுற்றில் சிப்ஸ் உள்ளே வந்துவிடுகிறது. ஆனால் அவர் ஃப்ளாப்பில் பெட் வைக்கிற ஆளா என்று தெரிந்திருக்க வேண்டும். பாதி தடவை செக் செய்துவிட்டுப் போகிற ஆளிடம் செக்-ரெய்ஸ் திட்டம் போட்டால் ஓசிச் சீட்டுக் கதைதான் மறுபடியும். அப்படிப்பட்டவரிடமும், நான்கைந்து பேர் உள்ளே இருக்கும்போதும், நேராக நீங்களே பெட் வைத்து முன்னால் போவது நல்லது. அதைப் பலவீனமான கை என்று நினைத்து ரெய்ஸ் அடிக்கிறவர்கள் நிறையப் பேர். அடிக்கட்டும்.

எதிராளி ரெய்ஸ் அடித்தால் மறுபடி ரெய்ஸா, கால் மட்டுமா?

மேஜை ஈரமாக இருந்தால், அதாவது ஃப்ளஷும் ஸ்ட்ரெய்ட்டும் வர வழி இருந்தால், மறுபடி ரெய்ஸ். அவரிடம் இரண்டு ஜோடியோ டிராவோ இருக்கிறது, இப்போது சிப்ஸ் போடத் தயாராக இருக்கிறார், ஒரு மோசமான சீட்டு விழுந்தால் அவருக்கும் பயம் வந்துவிடும், உங்களுக்கும் வந்துவிடும். ராஜா-7-2 மாதிரி காய்ந்த மேஜையில் கால் போதும். அங்கே அவர் ரெய்ஸில் ப்ளஃப் நிறைய இருக்கும், மறு ரெய்ஸ் அடித்தால் ப்ளஃப் ஓடிவிடும். கால் செய்தால் டர்னில் அவரே இன்னொரு பெட் வைப்பார். அவர் உங்களுக்காக பாட்டைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து கெடுக்காதீர்கள். ஆழமான ஸ்டாக் இருந்து, அவர் ஒன்றுமில்லாமல் ரெய்ஸே அடிக்காத ஆள் என்றால் மட்டும் காய்ந்த மேஜையிலும் அடிக்கலாம்.

எதிராளியின் குணத்தைப் பார்த்து மாற்ற வேண்டுமா?

கண்டிப்பாக. எதற்கும் கால் செய்கிறவர் ஒருவர் எல்லா மேஜையிலும் இருப்பார், கீழ் ஜோடியோடு ரிவர் வரை வருவார். அவரிடம் ஒரு செக்கூடச் செய்யக் கூடாது, கொஞ்சம் பெரிதாகவே வையுங்கள். எதற்கும் பெட் வைக்கிறவர் இன்னொரு வகை. அவரிடம் செக்-கால், செக்-கால் என்று போகலாம், அவர் கையே பெட்டுக்காக அரித்துக்கொண்டிருக்கும். பயந்து ஆடுகிறவரிடம் எப்படி ஆடினாலும் அதிகம் தேறாது.

1988 உலகத் தொடர் இறுதி ஆட்டத்தில் ஜானி சான் பதுங்கித்தானே ஜெயித்தார்?

ஆமாம், இந்தக் கேள்வி வராமல் இருக்காது. வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் முதன்மைப் போட்டி, கடைசி இருவர்: முந்தைய வருடமும் பட்டம் வென்ற ஜானி சான், அவருக்கு எதிரில் எரிக் சைடல். சான் கையில் ஜாக்கி-9, ஃப்ளாப் ராணி-10-8. ஃப்ளாப்பிலேயே ஸ்ட்ரெய்ட், அந்த நிமிடத்தில் அதைவிடப் பெரிய கை கிடையாது. சைடல் கையில் ராணி-7, மேல் ஜோடி. டர்னில் ஒன்றுக்கும் உதவாத 2, இருவரும் செக். ரிவரில் 6, சான் மறுபடி செக் செய்ய சைடல் எல்லாச் சிப்ஸையும் தள்ளினார். முடிந்தது.

அழகான பொறிதான். ஆனால் அதில் என்னென்ன கூடிவந்தது என்று பாருங்கள். மேஜையில் இரண்டே பேர். இருவர் ஆட்டத்தில் மேல் ஜோடி என்பது பெரிய கை, அதை வைத்துக்கொண்டு யாரும் ரொம்ப நேரம் சும்மா இருக்க மாட்டார்கள். கடைசிச் செக் வந்தது ரிவரில், அதற்குப் பிறகு ஓசிச் சீட்டே கிடையாது. இதைப் பார்த்துவிட்டு ஆறு பேர் உட்கார்ந்த மேஜையில், இரண்டு ஆட்டின் கிடக்கும் ஃப்ளாப்பில், செட்டோடு செக் செய்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சான் டர்னில் பெட் வைத்திருந்தாலும் சைடல் விட்டிருக்க மாட்டார் என்பது என் எண்ணம், நிரூபிக்க வழியில்லை.

ரிவரில் செக் செய்து ரெய்ஸ் அடிக்கலாமா?

ஓசிச் சீட்டு ஆபத்து இல்லை என்பதால் ரிவரில் கேள்வி ஒன்றுதான்: நான் பெட் வைத்தால் அவர் கால் செய்வது அதிகமா, நான் செக் செய்தால் அவர் பெட் வைப்பது அதிகமா? அவர் தவறவிட்ட டிராவை வைத்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றினால் செக், அவருக்குக் கால் செய்ய ஒன்றும் இல்லை, ப்ளஃப் அடிக்க மட்டும்தான் வழி இருக்கிறது. ஜோடி வைத்திருக்கிறார் என்று தோன்றினால் பெட், ஏனென்றால் ஜோடிக்காரர் செக்குக்குப் பின்னால் செக் செய்து இலவசமாகத் திருப்பிக் காட்டவே விரும்புவார்.

கடைசியாக ஆட வேண்டியவர் நீங்கள் என்றால் பெரிய கையோடு திருப்பிச் செக் செய்வதற்கு எந்தக் காரணமும் கிடையாது. பாவம் பார்த்தார் என்று யாரும் சிப்ஸ் திருப்பித் தரப்போவதில்லை.

செட் தோற்றுப் போனதாக எப்போது ஒப்புக்கொள்வது?

கடினமான கேள்வி. முதலில் ஆறுதல்: ஃப்ளாப்பில் செட் இருந்தால் ரிவருக்குள் ஃபுல் ஹவுஸோ அதற்கு மேலோ ஆக 33 சதவீதம், டர்னில் 7 அவுட்ஸ், அங்கே வராவிட்டால் ரிவரில் 10. அதனால் ஃப்ளாப்பிலேயே எதிராளி ஸ்ட்ரெய்ட் அடித்துவிட்டார் என்று தெரிந்தாலும் கையை உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. செட்டுக்கு மேல் செட் பற்றிய பயமும் வேண்டாம். இருவர் கையிலும் ஜோடி இருக்கும்போதுகூட இருவருக்கும் ஃப்ளாப்பில் செட் விழுவது நூற்றுக்கு ஒருமுறைதான். அது நடந்தால் எல்லாச் சிப்ஸும் போகும், எல்லாருக்கும் போகும், எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

மற்றபடி, ரிவரில் ஒரே சின்னத்தில் நான்கு சீட்டு கிடக்கிறது, மேஜையில் ஜோடியும் சேரவில்லை, அதுவரை கால் மட்டும் செய்துகொண்டிருந்தவர் திடீரென்று பெரிதாக ரெய்ஸ் அடிக்கிறார் என்றால் செட் வெறும் காகிதம். அங்கே "இவ்வளவு போட்டாச்சே" என்று மேலும் போடுகிறவர்கள் ஃப்ளாப்பில் பெட் வைக்கத் தயங்கியவர்களாகத்தான் பெரும்பாலும் இருப்பார்கள், அது ஒரு விசித்திரம்.

செவன் கார்டு ஸ்டட்டில் முதல் மூன்று சீட்டும் ஒரே எண் வந்தால்?

425 தடவைக்கு ஒன்று. இரண்டு மூடியது, ஒன்று திறந்தது. வெளியில் தெரிவது ஒற்றை 9, உள்ளே இன்னும் இரண்டு 9. இதைவிட மறைவான கை போக்கரிலேயே குறைவு. ஏழாவது சீட்டுக்குள் ஃபுல் ஹவுஸோ நாலு 9ஓ ஆக சுமார் 40 சதவீதம், ஒன்றும் ஆகாவிட்டாலும் மூன்று 9 பல தடவை தானே ஜெயிக்கும். லிமிட் ஸ்டட்டில் (பெட் அளவு முன்பே வரையறுத்த ஆட்டம்) ஐந்தாவது சீட்டிலிருந்து பெட் இரட்டிப்பாகும், அதனால் மூன்றாவது, நான்காவதில் சும்மா கால் செய்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஐந்தாவதில் பாயும் பழக்கம் ரொம்ப நாளாக இருக்கிறது. திறந்த சீட்டு சின்னதாக இருந்து, எதிரில் இருப்பவர்களின் திறந்த சீட்டுகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருந்தால் அதில் தப்பில்லை. உங்கள் திறந்த சீட்டு ராஜா என்றால் முதலிலேயே ரெய்ஸ் அடிப்பதுதான் சரியான வேடம், இரண்டு ராஜா இருக்கிறது என்று நினைப்பார்கள், மூன்றாவது யாருக்கும் தோன்றாது. எதிரில் ஒரே சின்னத்தில் இரண்டு மூன்று சீட்டு திறந்து வரிசையாக நிற்க ஆரம்பித்தால் பதுங்கலை அந்த நிமிடமே கைவிட்டு விலையை ஏற்றுங்கள். அப்புறம் நான்காவது சீட்டாக 9 வந்து நாலும் சேர்ந்துவிட்டால் சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள்: வெளியில் 9-9 தெரிகிறது, எல்லாரும் மூன்று 9 என்று நினைத்து மூட்டை கட்டுவார்கள். அந்த ஒரு சமயம் மட்டும் மெல்லத்தான் ஆட வேண்டும்.

ஒமாஹாவில்?

ஆளுக்கு நான்கு சீட்டு, அதனால் எல்லார் கையிலும் ஏதோ ஒரு டிரா. கீழ் செட் அங்கே பெரிய கையே இல்லை, மேல் செட்டையும் பதுங்கி ஆடுவது தற்கொலை. பெட்.

எல்லாரும் ஃபோல்ட் செய்துவிட்டால் செட்டைத் திருப்பிக் காட்டட்டுமா?

வேண்டாம். காட்டினால் அடுத்த தடவை நீங்கள் அதே அளவு பெட் வைக்கும்போது அந்த 7-7 அவர்கள் கண்முன் நிற்கும், இதுவரை பட்டியலில் கடைசியில் இருந்த கை முதலுக்கு வந்துவிடும். சீட்டை மூடியபடி தள்ளிவிட்டுச் சிப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். "என்ன வைத்திருந்தீர்கள்?" என்று பக்கத்துக்காரர் கேட்பார், கேட்காமல் இருக்க மாட்டார். ராஜா என்று சொல்லுங்கள்.